இரவில் 84, பகலில் 97: தூக்கத்திலும் மயக்க ஊசியிலும் ஆக்சிஜன் ஏன் இறங்குகிறது?

கேள்வியின் சுருக்கம்: பாம்பனில் இருக்கும் அப்பாவுக்கு 57 வயது. விசைப்படகு டிரைவர், எடை 94 கிலோ. பலமான குறட்டை. கொரோனா காலத்தில் வாங்கிய விரல் மீட்டரை அவர் தூங்கும்போது மாட்டிப் பார்த்தால் 84, 82 என்று இறங்கி மறுபடி 95க்கு ஏறுகிறது. பகலில் 97. மலத்தில் ரத்தம் போவதால் ராமநாதபுரத்தில் மயக்க ஊசி போட்டு எண்டோஸ்கோபியும் (வாய்வழி குழாய் விட்டு வயிற்றைப் பார்ப்பது) கொலோனோஸ்கோபியும் (ஆசனவாய் வழியே பெருங்குடலைப் பார்ப்பது) செய்யத் தேதி கொடுத்திருக்கிறார்கள். செய்யலாமா? பாதுகாப்புக்கு வீட்டில் ஓர் ஆக்சிஜன் சிலிண்டர் வாங்கி வைக்கலாமா?

பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். 57 வயதில் மலத்தில் ரத்தம் போனால் காரணத்தைக் கண்டுபிடித்தே ஆகவேண்டும். ஆனால் அப்பாவுக்குத் தூக்கத்தில் மூச்சடைப்பு நோய் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டுதான் மயக்க மருந்து கொடுக்க வேண்டும். கொடுக்கப்போகிறவருக்கு அது முன்கூட்டியே, உங்கள் வாயால், தெரிந்திருக்க வேண்டும். சிலிண்டர் வேண்டாம். விரல் மீட்டர் காட்டுவது ஆக்சிஜனின் கணக்கு. மூச்சின் கணக்கை அது காட்டுவதில்லை. இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் வீட்டிலும் ஆபத்து வருகிறது, ஆபரேஷன் தியேட்டரிலும் வருகிறது. மீதிப் பதில் பெரும்பாலும் இந்த வித்தியாசத்தைப் பற்றியதுதான்.

அந்த 84ஐ எப்படிப் படிப்பது

மீட்டர் விரல் வழியே இரண்டு ஒளிகளைச் செலுத்துகிறது: 660 நானோமீட்டர் சிவப்பு, 940 நானோமீட்டர் அகச்சிவப்பு. ஆக்சிஜன் ஏறிய ரத்தமும் ஏறாத ரத்தமும் இந்த இரண்டையும் வேறு வேறு அளவில் உறிஞ்சும். நாடித்துடிப்போடு மாறும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்துக் கணக்குப் போட்டால் சதவீதம் கிடைத்துவிடும். ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அவோயாகி 1974இல் வெளியிட்ட யோசனை இது. இன்றைக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் கையடக்க மீட்டர் வரைக்கும் அடிப்படை அதுதான்.

சதவீதம் நேர்கோட்டில் இறங்குவதில்லை என்பதை முதலில் மனதில் வைக்க வேண்டும். ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் 100 மில்லிமீட்டர் பாதரசம் இருக்கும்போது மீட்டர் 97, 98 காட்டும். அழுத்தம் 60க்கு விழுந்த பிறகும் 90 காட்டும். 40 புள்ளி அழுத்தம் போனதற்கு மீட்டரில் 7, 8 புள்ளிதான் குறைகிறது. 90க்குக் கீழே கதை மாறிவிடும்: அழுத்தம் 40 ஆனால் 75, 27 ஆனால் 50. 97இலிருந்து 92க்கு வர எடுக்கும் நேரத்தைப் பார்த்து, 90இலிருந்து 80க்கு வரவும் அவ்வளவு நேரம் இருக்கிறது என்று யாரும் எண்ணக் கூடாது.

அடுத்தது தாமதம். நுரையீரலில் நடப்பது விரல் நுனிக்கு வந்து, மீட்டர் அதைச் சராசரி போட்டுத் திரையில் காட்ட 20, 30 விநாடி ஆகும். கை குளிர்ந்திருந்தால் இன்னும் கூடும். அப்பா மூச்சடைத்துக் கிடக்கும்போது திரையில் 93 இருக்கும். ஒரு பெரிய குறட்டையோடு மூச்சு திரும்பிய பிறகுதான் 82 தெரியும். இதைப் பார்க்கிற வீட்டார் "நல்லா மூச்சு விடுறப்பத்தான் குறையுது, மீட்டர் ரிப்பேர்" என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். ரிப்பேர் இல்லை. அந்த 82 அரை நிமிஷத்துக்கு முந்தைய அடைப்பின் விளைவு.

எந்த எண்ணை நம்பலாம்? மீட்டர்கள் 70 சதவீதம் வரைதான் ஆட்களை வைத்து ஒப்பிட்டுச் சரிபார்க்கப்படுகின்றன. அதற்குக் கீழே வருவதை மிகக் குறைவு என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மேலேயும் 2, 3 புள்ளி கூடக்குறைய இருக்கும். கறுத்த தோலில் மீட்டர் உண்மையைவிடக் கொஞ்சம் அதிகமாகக் காட்டும் வாய்ப்பு உண்டு. 2020இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், மீட்டர் 92 முதல் 96 வரை காட்டிய கறுப்பின நோயாளிகளின் ரத்தத்தை எடுத்துச் சோதித்தபோது 11.7 சதவீத அளவீடுகளில் உண்மை அளவு 88க்கும் கீழே இருந்தது. வெள்ளையர்களில் அது 3.6 சதவீதம். வெயிலில் கருத்த கடற்கரை உடம்புக்கு இதை நினைவில் வைத்து, 92ஐப் பார்த்து நிம்மதியடையாமல் இருப்பது நல்லது. மருதாணி சாதாரணச் சிவப்பாக இருந்தால் பெரிய தொந்தரவு இல்லை. கல்யாண வீடுகளில் கோன் வாங்கி வைக்கிற கறுப்பு மருதாணி ஒளியை மறைத்து அளவைக் கெடுக்கும். மருதாணி இல்லாத விரலில் மாட்டுங்கள். அதுவும் இல்லையென்றால் காது மடலுக்கான சென்சார் இருக்கிறது.

இந்த மாவட்டத்துக்கென்றே சொல்ல வேண்டியது ஒன்று. சாயல்குடி, கடலாடி, முதுகுளத்தூர் பக்கம் சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுபவர்களுக்கு இந்த மீட்டர் பொய் சொல்லும். மூட்டப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொண்டால், மீட்டரின் இரண்டு ஒளிக்கும் அது ஆக்சிஜன் ஏறிய ரத்தம் போலவே தெரியும். ஆள் தலைவலியோடும் வாந்தியோடும் மயங்கிக் கிடப்பார், திரை 98 காட்டும். மூட்டத்தில் வேலை செய்தவர் மயங்கினால் மீட்டரைப் பார்க்காமல் திறந்த காற்றுக்குத் தூக்கிவந்து 108ஐ அழையுங்கள்.

உங்கள் அப்பா விஷயத்தில் ரத்தசோகையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு கிராம் ஹீமோகுளோபின் சுமப்பது ஏறக்குறைய 1.34 மில்லி ஆக்சிஜன். ஹீமோகுளோபின் 15 இருப்பவர் 100 மில்லி ரத்தத்தில் 20 மில்லி சுமக்கிறார். ரத்தம் போய்ப்போய் 8க்கு வந்தவர் 10.5 மில்லிதான் சுமக்கிறார். இருவருக்கும் மீட்டர் 98 என்றே காட்டும். தேதிக்கு முன் ரத்தப் பரிசோதனை செய்து, ஹீமோகுளோபின் எண்ணைக் கையில் வைத்திருங்கள்.

தூக்கத்தில் என்ன நடக்கிறது

தொண்டைக்கு எலும்புச் சுவர் கிடையாது. நாக்கின் அடிப்பகுதியும் உள்நாக்கும் பக்கவாட்டுத் தசைகளும் விழித்திருக்கும்போது இழுத்துப் பிடித்திருப்பதால்தான் வழி திறந்திருக்கிறது. தூக்கத்தில் அந்தப் பிடி தளரும். கழுத்துக் கொழுப்பு, சின்னத் தாடை, பெரிய டான்சில், மல்லாந்து படுத்தல், குடித்திருத்தல் ஆகியவற்றில் எது சேர்ந்தாலும் வழி சுருங்கும். சுருங்கிய வழியில் காற்று அதிரும் சத்தம் குறட்டை. முழுதாக அடைத்துக்கொண்டால் சத்தம் நின்றுவிடும். வீட்டார் அப்போதுதான் "இப்ப அமைதியா தூங்குறார்" என்பார்கள். கவலைப்பட வேண்டியது அந்த அமைதியைப் பார்த்துத்தான். அந்த நேரத்தில் போர்வையை விலக்கிப் பாருங்கள்: வயிறு மேலே எழும்பும், நெஞ்சு உள்ளே போகும், மூக்கில் காற்று வராது.

அடைத்த பிறகு எவ்வளவு நேரம் தாங்கும் என்பது சின்னக் கணக்கு. சாதாரணமாக மூச்சு வெளியே விட்ட நிலையில் நுரையீரலில் மிச்சமிருப்பது சுமார் இரண்டரை லிட்டர் காற்று. அதில் ஆக்சிஜன் 400 மில்லிக்குள். உடம்பு நிமிஷத்துக்குச் சுமார் 250 மில்லி செலவழிக்கும். பருமனான உடம்பு மல்லாந்து படுத்தால் வயிறு உதரவிதானத்தை மேலே தள்ளுவதால் அந்த இருப்பே பாதியளவுக்குச் சுருங்கலாம். ஒல்லியான ஆளுக்கு ஒரு நிமிஷம் தாங்குவது இவருக்கு அரை நிமிஷத்தில் தீர்ந்துபோகிறது.

மூச்சை எது திருப்பிக் கொண்டுவருகிறது என்பதைக் கடலில் குளிப்பவர்கள் உடம்பால் அறிவார்கள். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் சங்கு குளிப்பவர்களுக்கும், சின்னப்பாலத்தில் பாசி எடுக்கும் பெண்களுக்கும் தண்ணீருக்கடியில் நெஞ்சு முட்டி "மேலே போ" என்று விரட்டுவது பெரும்பாலும் ரத்தத்தில் ஏறும் கரியமில வாயு. ஆக்சிஜன் குறைவது அந்த அளவுக்கு விரட்டாது. அதனால்தான் குளிக்குமுன் வேகவேகமாகப் பத்திருபது மூச்சு இழுத்துவிட்டு இறங்குவது கொல்லும் பழக்கம். கரியமிலத்தை முன்கூட்டியே வெளியேற்றிவிடுவதால் முட்டல் தாமதமாகிறது. அது வருவதற்குள் ஆக்சிஜன் தீர்ந்து, முன்னறிவிப்பே இல்லாமல் நினைவு போய்விடுகிறது.

தூங்குகிறவருக்கும் காவல் இதே கரியமிலம்தான். கூடவே அடைத்த தொண்டைக்கு எதிராக நெஞ்சு இழுக்கும் இழுப்பும் சேர்ந்து மூளையை ஒரு கணம் எழுப்புகிறது. தசை இறுகி, வழி திறந்து, பெரிய கொர்ருடன் மூச்சு வருகிறது. மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு. பத்து விநாடிக்கு மேல் மூச்சு நிற்பதும், மூச்சு வெகுவாகக் குறைந்து ஆக்சிஜன் இறங்குவதும் ஒவ்வொரு நிகழ்வாகக் கணக்கில் வரும். மணிக்கு 5க்குக் கீழே இருந்தால் இயல்பு, 15 வரை லேசானது, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது. விடியற்காலையில் அதிகம் வரும் கனவுத் தூக்கத்தில் தசைப்பிடிப்பு மிகவும் தளர்ந்துவிடுவதால் ஆழமான சரிவுகள் மூன்று, நாலு மணிக்குத்தான் தெரியும். ராத்திரி பத்து மணிக்குப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

உங்கள் கையில் இருக்கும் கருவிகளை வைத்தே உருப்படியாக ஒன்று செய்யலாம். விடியற்காலையில் மீட்டரை மாட்டி, அது நழுவாமல் பிளாஸ்திரி ஒட்டி, செல்போனில் முகமும் நெஞ்சும் மீட்டரும் தெரிய பத்து நிமிஷம் வீடியோ எடுங்கள். சத்தம் நிற்கும் இடங்களை எண்ணுங்கள். பத்து நிமிஷத்தில் ஐந்து முறை என்றால் மணிக்கு 30. இரவு முழுக்கத் தூக்கத்தையும் மூச்சையும் அளக்கும் ஸ்லீப் ஸ்டடிக்கு இது மாற்று இல்லை. ஆனால் பாதி தெரிந்த கேஸை முழுதாகப் புரியவைக்க ஒரு மருத்துவருக்கு இந்த வீடியோ போதும். எண் ரம்பப் பல் போல ஏறி இறங்கினால் தொண்டை அடைப்பு. இரவு முழுக்க 86, 87 என்று தட்டையாகவே நின்றால் அது வேறு: நுரையீரல் நோய், அல்லது பருமனால் மூச்சே ஆழமில்லாமல் போவது. பகலிலும் கரியமிலம் தேங்கும் இந்த இரண்டாவது வகையைச் சந்தேகிக்க, ரத்தத்தில் பைகார்பனேட் பார்த்தால் போதும். 27 அல்லது அதற்கு மேல் இருந்தால் மேற்கொண்டு சோதிப்பார்கள். வாழ்நாள் முழுக்க விறகடுப்பில் சமைத்த பெண்களுக்கு ஒரு பீடி கூடத் தொடாமலே நுரையீரல் அடைப்பு நோய் வருவதையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள்.

மயக்க ஊசி என்ன செய்கிறது

தூக்கத்தில் தொண்டை தளர்ந்தாலும் எழுப்பிவிடும் காவல் இருக்கிறது. மயக்க மருந்து தொண்டையையும் தளர்த்தும், அந்தக் காவலையும் மழுக்கும். இயற்கைத் தூக்கத்தில் 30 விநாடியில் தானே முடிந்துவிடும் அடைப்பு, மருந்துத் தூக்கத்தில் யாராவது தாடையைத் தூக்கும் வரை தொடரும்.

கொலோனோஸ்கோபிக்கு இங்கே பரவலாகக் கொடுப்பவை மிடாசோலம், ஃபென்டனில், புரோபோஃபால். மிடாசோலம் பயத்தையும் நினைவையும் போக்கும். ஃபென்டனில் வலி மருந்து. கரியமிலம் ஏறினாலும் மூச்சு விடத் தோன்றாமல் செய்வது இதன் குணம். தனித்தனியாகத் தாங்கக்கூடிய இரண்டும் சேரும்போது கூட்டல் கணக்கில் நிற்பதில்லை. 1990இல் வெளியான ஓர் ஆய்வில் ஆரோக்கியமான 12 பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மிடாசோலம் மட்டும் கொடுத்தபோது யாருக்கும் ஆக்சிஜன் குறையவில்லை. ஃபென்டனில் மட்டும் கொடுத்தபோது 6 பேருக்குக் குறைந்தது. இரண்டும் சேர்த்தபோது 11 பேருக்குக் குறைந்தது, 6 பேருக்கு மூச்சே நின்றது. ஆரோக்கியமானவர்களுக்கே இப்படி. ஆகவே நிதானம் வேண்டும்: மிடாசோலம் 1 மில்லிகிராம் போல ஆரம்பித்து, குறைந்தது இரண்டு மூன்று நிமிஷம் காத்திருந்து, தேவைப்பட்டால் மட்டும் அடுத்த சிறு அளவு. அது உச்சத்துக்கு வர 3 முதல் 5 நிமிஷம் ஆகும் என்பதை மறந்து, "இன்னும் தூங்கலையே" என்று அவசரத்தில் மேலே மேலே ஏற்றுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. புரோபோஃபால் ஒரு நிமிஷத்துக்குள் வேலை செய்யும், சீக்கிரம் தெளியும். ஆனால் லேசான மயக்கத்துக்கும் மூச்சு நிற்பதற்கும் நடுவில் இடைவெளி குறுகல், அதன் விளைவை முறிக்கும் மாற்று மருந்தும் கிடையாது. உங்கள் அப்பா போன்றவருக்கு அதைக் கொடுப்பதென்றால் ஸ்கோப் செய்யும் மருத்துவர் தவிர, மூச்சை மட்டும் கவனிக்க ஒரு மயக்க மருத்துவர் தனியாக இருக்க வேண்டும்.

இனி ஆக்சிஜன் குழாய். மூக்கில் 2 லிட்டர் ஆக்சிஜன் ஓடுவதைப் பார்த்தால் எல்லோருக்கும் நிம்மதி. அது என்ன செய்கிறது, எதை மறைக்கிறது என்பதை எண்ணில் பார்க்கலாம். கடல் மட்டத்தில் சாதாரணக் காற்றைச் சுவாசிக்கும்போது, ஈரப்பதத்தைக் கழித்தபின் உள்ளே வரும் ஆக்சிஜன் அழுத்தம் 150. அதிலிருந்து கரியமில அழுத்தத்தை 0.8ஆல் வகுத்துக் கழித்தால் நுரையீரல் சிற்றறையில் நிற்கும் ஆக்சிஜன் கிடைக்கும். கரியமிலம் இயல்பான 40 என்றால் 150இல் 50 போக 100. மீட்டர் 97, 98. மருந்தால் மூச்சு பாதியாகி, போகப்போகக் கரியமிலம் இரட்டிப்பாகி 80ஐத் தொட்டால் 150இல் 100 போக 50. மீட்டர் 80களின் நடுவுக்கு விழும், அலாரம் கத்தும், எல்லோரும் ஓடிவருவார்கள். அதே ஆள் மூக்குக் குழாயில் 2 லிட்டர் வாங்கிக்கொண்டிருந்தால் சுவாசிப்பது சுமார் 28 சதவீத ஆக்சிஜன்; உள்ளே வருவது 200. அதில் 100 போனாலும் 100 மிச்சம். மீட்டர் 97 காட்டும். கரியமிலம் 80! மூச்சு பாதியாகிவிட்டது, திரையில் ஒரு தடயமும் இல்லை.

ஆக்சிஜன் கொடுக்கக் கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. கொடுக்கத்தான் வேண்டும், அடைப்பு வந்தால் தாங்கும் நேரத்தை அது நீட்டித் தருகிறது. ஆனால் கொடுத்த நிமிஷத்திலிருந்து மீட்டர் மூச்சுக்குக் காவல் இல்லை என்பதைப் புரிந்துகொண்டு, வேறு காவல் போட வேண்டும். அந்தக் காவல் கேப்னோகிராஃப். மூக்குக் குழாயின் கூடவே ஒரு மெல்லிய குழாய் வெளிமூச்சை உறிஞ்சி, ஒவ்வொரு மூச்சின் கரியமிலத்தையும் அலையாக வரையும். மூச்சு நின்றால் அடுத்த சில விநாடியில் கோடு தட்டையாகிவிடும். மீட்டர் இறங்க அதற்குப் பிறகு ஒரு நிமிஷம், சில சமயம் இன்னும் அதிகம் ஆகலாம். மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்க உங்களுக்கு வாய்ப்பிருந்தால் கேட்க வேண்டிய ஒரே கருவி இதுதான்.

தேதிக்கு முன்

மயக்க மருத்துவரை முன்கூட்டியே பார்க்கக் கேளுங்கள். அவர் வழக்கமாகக் கேட்பவை எட்டுக் கேள்விகள்: மூடிய கதவுக்கு வெளியே கேட்கும் குறட்டையா, பகலில் அசதியா, தூக்கத்தில் மூச்சு நிற்பதை யாராவது பார்த்தார்களா, ரத்தக்கொதிப்பு உண்டா, உடல் நிறைக் குறியீடு 35க்கு மேலா, வயது 50க்கு மேலா, கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டருக்கு மேலா, ஆணா? ஐந்து அல்லது அதற்கு மேல் ஆமென்றால் ஆபத்து அதிகம். குறட்டை, வயது, ஆண் என்று உங்கள் அப்பாவுக்கு மூன்று ஏற்கெனவே வந்துவிட்டது; வீடியோவில் மூச்சு நிற்பது தெரிந்தால் நான்கு. தையல்காரர் நாடாவால் கழுத்தை அளந்து, ரத்தக்கொதிப்பையும் பார்த்து, வீடியோவோடு எடுத்துப் போங்கள்.

எண்டோஸ்கோபியை மயக்கமே இல்லாமல், தொண்டையில் லிக்னோகைன் ஸ்பிரே மட்டும் அடித்துச் செய்ய முடியுமா என்று கேளுங்கள். சில நிமிஷ வேலை, குமட்டும், பொறுத்துக்கொள்ளலாம். ஸ்கோப்பும் மூச்சும் ஒரே வழியைப் பங்குபோடும் அந்தப் பரிசோதனையில்தான் மயக்கம் அதிகத் தொல்லை தரும். ஸ்பிரே அடித்தபின் தொண்டை உணர்வு திரும்பும் வரை, சுமார் ஒரு மணி நேரம், தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது. கொலோனோஸ்கோபியை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்துத் தொடங்குவதால் தொண்டைக்கு அது நல்ல நிலை. குறைந்த மருந்தில் முடித்துவிடலாம்.

வயிறு காலியாக இருக்க வேண்டும். திட உணவும் பாலும் ஆறு மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும். எண்ணெயும் இறைச்சியும் சேர்ந்த சாப்பாடென்றால் எட்டு. தெளிந்த நீர் இரண்டு மணி நேரம் முன்பு வரை. கஞ்சி, மோர், பால் டீ எதுவும் தெளிந்த நீர்க் கணக்கில் வராது. வயிற்றைக் கழுவும் பேதி மருந்தைக் கடைசியாக எப்போது குடிக்க வேண்டும் என்பதை ஆஸ்பத்திரி சொல்லும் மணியிலிருந்து மாற்றாதீர்கள். முந்தின நாள் இரவு குடி கூடாது, தூக்க மாத்திரையும் கோடீன் கலந்த இருமல் மருந்தும் கூடாது. ராத்திரி சரியாகத் தூங்காததால் பகலில் அசந்து விழுபவர்களுக்கு வீட்டார் கடையில் அல்பிரசோலம் என்ற தூக்க மாத்திரையை வாங்கிக் கொடுப்பது இந்தப் பக்கம் சர்வசாதாரணம். மூச்சடைப்பு உள்ளவருக்கு அது மருந்தில்லை, சுமை. அவர் எதையாவது வழக்கமாக எடுத்துக்கொண்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்; அளவைச் சரிசெய்ய அந்தத் தகவல் தேவை.

மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை வைத்துக்கொள்ளலாம் என்று அவர் சொல்வார். குடலிறக்கத்துக்கும் கண்புரைக்கும் அந்தக் கணக்கு சரி. ரத்தம் போகிறவருக்குச் சரிவராது.

தியேட்டரிலும் அதற்குப் பிறகும்

மூச்சு அடைத்தால் அங்கே என்ன செய்வார்கள் என்று தெரிந்திருப்பது பயத்தைக் குறைக்கும். மருந்து நிறுத்தப்படும். பெயர் சொல்லித் தோளைத் தட்டி ஆழமாக மூச்சு விடச் சொல்வார்கள். பல சமயம் இதுவே போதும். பிறகு தலையைச் சாய்த்து, தாடைக் கோணத்துக்குப் பின்னால் இரண்டு விரலையும் வைத்து முன்னால் தள்ளுவார்கள். நாக்கு தாடையோடு ஒட்டியிருப்பதால் தாடை முன்னே வந்தால் நாக்கும் வந்து வழி திறக்கும். திறக்காவிட்டால் மூக்கு வழியாக மென்குழாய், அடுத்து மாஸ்க்கும் பையும் வைத்து அழுத்திக் காற்று. இத்தனைக்கும் நடுவில் ஆக்சிஜன் லிட்டரை மட்டும் கூட்டிவிட்டுக் காத்திருப்பது தவறான வரிசை. வழி அடைத்திருக்கும்போது எத்தனை லிட்டர் திறந்தாலும் மூக்கோடு நின்றுவிடும்.

மாற்று மருந்து பற்றி ஒன்று: மிடாசோலத்துக்கு ஃபுளூமாசெனில், ஃபென்டனிலுக்கு நலாக்சோன். இரண்டும் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் வேலை செய்யும். மிடாசோலம் அதைவிட நீண்ட நேரம் உடம்பில் இருப்பதால், எழுந்து பேசிய ஆள் மறுபடி மயங்கலாம். மாற்று மருந்து போட்டிருந்தால் அதன்பிறகு இரண்டு மணி நேரமாவது கண்காணிப்பில் இருக்க வேண்டும்.

வீட்டுக்கு அனுப்பும்போதுதான் ஏமாந்துபோவது அதிகம். நர்ஸ் எழுப்பி, கேள்வி கேட்டு, மீட்டர் 97 பார்த்து, போகலாம் என்பார். எழுப்பிவிட்ட ஆளுக்கு 97 வருவதில் வியப்பில்லை. மூச்சடைப்பு உள்ளவரை அனுப்புவதற்கான சரியான சோதனை வேறு: ஆக்சிஜனை எடுத்துவிட்டு, யாரும் தொடாமல், பேச்சுக் கொடுக்காமல், முடிந்தால் அவர் தூங்கட்டும் என்று விட்டுப் பார்க்க வேண்டும். அப்போதும் அளவு அவருடைய வழக்கமான நிலையில் நிற்க வேண்டும். "தொடாம கொஞ்ச நேரம் பார்த்துட்டு அனுப்புங்க சிஸ்டர்" என்று நீங்களே கேட்கலாம். ராமநாதபுரத்திலிருந்து பாம்பனுக்கு ஒரு மணி நேரப் பயணம்; பின் சீட்டில் தாடை நெஞ்சில் முட்டத் தலை தொங்கத் தூங்கவிட்டால் அங்கேயே அடைக்கும். சீட்டைச் சாய்த்து, தலையை நிமிர்த்தி, பக்கத்தில் ஒருவர் விழித்து உட்கார்ந்து வாருங்கள். அன்று இரவு தலைப்பக்கம் உயர்த்தி, ஒருக்களித்துப் படுக்க வேண்டும். வலிக்கு பாராசிட்டமால் போதும். டிரமடால் கொடுத்தால் மூச்சடைப்பைச் சொல்லி மாற்றிக் கேளுங்கள். பின்னால் எப்போதாவது பெரிய ஆபரேஷன் நடந்தால் இரண்டாம், மூன்றாம் இரவைக் கவனியுங்கள். முதல் இரவுகளில் இழந்த கனவுத் தூக்கம் அப்போது மொத்தமாகத் திரும்பி வருவதால் சரிவுகள் மோசமாகும். வார்டில் மானிட்டரைக் கழற்றிவிடுவதும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

சிலிண்டரும் சிபாப்பும்

வீட்டுச் சிலிண்டர் கணக்கு சுலபம்: பி டைப் சிலிண்டரில் 1,500 லிட்டர், நிமிஷத்துக்கு 2 லிட்டர் வைத்தால் பன்னிரண்டரை மணி நேரம். வாங்கலாம், மாட்டலாம், எண்ணும் ஏறும். ஆனால் அடைப்பு அப்படியே இருக்கும். ஆக்சிஜன் இறங்காததால் மூளை இன்னும் தாமதமாக விழித்துக்கொள்ளும், ஒவ்வொரு அடைப்பும் நீளும், கரியமிலம் ஏறும், காலையில் தலைவலியோடு எழுவார். கூடவே நுரையீரல் அடைப்பு நோயும் இருந்தால் ஆபத்து இன்னும் பெரியது. அவர்களுக்கு மருத்துவமனையிலேயே 88 முதல் 92 வரைதான் இலக்கு வைப்பார்கள். 99க்கு ஏற்றுவது தீங்கு. படகுப் பட்டறையில் வெல்டிங்குக்கு வைத்திருக்கும் சிலிண்டரை அவசரத்துக்கு எடுத்து மாட்டுவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

அடைப்புக்கு மருந்து அழுத்தம். 1981இல் சிட்னியில் காலின் சல்லிவன் குழு அறிமுகப்படுத்திய சிபாப் மெஷின், சாதாரணக் காற்றையே 4 முதல் 20 சென்டிமீட்டர் நீர் அழுத்தத்தில் மூக்குவழி தள்ளி, தொண்டையை உள்ளிருந்து தாங்கிப் பிடிக்கிறது. ஸ்லீப் ஸ்டடி முடிந்து அழுத்த அளவு தெரிந்தபின் வாங்குங்கள். வாங்கியிருந்தால் எந்த ஆபரேஷனுக்கும் பையில் எடுத்துப் போங்கள். கடற்கரையில் இதற்கு வரும் கேடு உப்புதான். வடிகட்டியை வாரம் ஒருமுறை பாருங்கள், ஈரக்காற்றுப் பெட்டியில் தீவின் உப்புத் தண்ணீரையோ குழாய்த் தண்ணீரையோ ஊற்றாமல் காய்ச்சி வடித்த நீரை ஊற்றுங்கள், ஜன்னலோரக் கடல்காற்றில் மெஷினை வைக்காதீர்கள். சூடாக்கும் பெட்டியை அணைத்துவிட்டால் மின்சாரம் 30 முதல் 60 வாட்தான் இழுக்கும். வீட்டு இன்வெர்ட்டரில் ஓர் இரவு தாராளமாக ஓடும். 350 வாட் இழுக்கும் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரை அதே இன்வெர்ட்டரில் மாட்டினால் மூன்று நாலு மணி நேரத்தில் பேட்டரி படுத்துவிடும். படகில் 12 வோல்ட் பேட்டரிக்கான கன்வெர்ட்டர் வைத்தும் சிபாப் ஓட்டலாம்.

மெஷின் வரும் வரை மல்லாந்து படுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பனியனின் முதுகுப் பக்கம் ஒரு பை தைத்து, அதில் வலை மிதவை ஒன்றைப் போட்டுவிட்டால் புரளும்போது உறுத்தித் தானே ஒருக்களிப்பார். மல்லாந்தால் மட்டும் அடைப்பவர்களுக்கு இது நன்றாகவே உதவும்; எந்தப் பக்கம் படுத்தாலும் அடைப்பவர்களுக்கு உதவாது. வீடியோவை இரண்டு நிலையிலும் எடுத்தால் அப்பா எந்த வகை என்று தெரிந்துவிடும்.

சிகிச்சை தொடங்கும் வரை இரவுக் கடலில் சுக்கானைத் தனியாகப் பிடிக்க அவரை விடாதீர்கள். மணிக்கு முப்பது முறை எழுப்பப்பட்ட மூளை, என்ஜின் சத்தத்திலும் கண்ணைத் திறந்தபடியே சில விநாடி தூங்கிப் போகும். கூட வரும் ஆட்களில் ஒருவருக்காவது விஷயத்தைச் சொல்லி, படகில் அவர் கண்ணயரும்போது ஒருக்களித்துப் படுக்கவைக்கச் சொல்லுங்கள்.